முதியோர் இல்லத்து மணிக்கூடு

நம்மூர் அளவெட்டிக் கும்பழாவளைப் பிள்ளையார் திருவிழாவுக்குக் கடல்கடந்து வருவோர், கைதடி அரச முதியோர் இல்லத்திலோ வேறோர் இல்லத்திலோ இருக்கும் பெரியம்மாவையும் கண்டுவர விரும்புவது இயல்பே. ஆயின், அவர் மதிய உணவுண்டு கண்ணயர்ந்திருக்கும் வேளையிற் சென்று, எழுப்பித் தரவில்லையெனப் பணியாளரைக் கடிந்துகொள்வது முறையன்று. நீராட்டு, உணவு, மருந்து, உறக்கம் என அங்கே பொழுது வகுக்கப்பட்டிருப்பது அங்கு வாழ்வோருக்காகவேயன்றி வருகையாளருக்காகவன்று. நீரிழிவுடையோருக்கு இன்சுலின் ஊசியும் உணவும் ஒன்றையொன்று சார்ந்தவை. நாம் அன்போடு ஊட்டும் பயற்றம் பணியாரம் அக்கணக்கைக் குழப்பிவிடும். பலகாரப் பொதியைப் பொறுப்பாளரிடமே கொடுத்தல் நன்று. (திவசத்துக்கு நாம் வழங்கும் சோற்றுக்கும் முன்னரே கேட்டு நாட்குறித்தல் வேண்டும்.)

அதனால் நாம் எதையும் வினவலாகாதென்பதில்லை. படுக்கைப்புண் உண்டா, மூக்குக்கண்ணாடி கைக்கெட்டும் இடத்தில் உள்ளதா, முதியவர் விழுந்தால் வீட்டாருக்கு அன்றே அறிவிக்கின்றனரா என்றெல்லாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய இல்லங்கள் பதிவுபெற வேண்டுமென்கிறது. பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணித்தலாகாதென்பதும் அச்சட்டத்திலேயே உள்ளது. நம்மவர் இதனை அவ்வளவாக எடுத்துரைப்பதில்லை.

இன்னுமொன்று. முந்திய நாள்தான் மகள் வந்து போயிருப்பினும், மறதி மிக்கவர் "ஒருவரும் வரவில்லை" என முறையிடக்கூடும். பணியாளரைக் கேட்டறியுமுன் கொழும்புக்கும் கனடாவுக்கும் தொலைபேசி எடுத்துவிட வேண்டாம்.