சாய்ச்சு ஊத்து... நிமிர்த்திப் புடி!

இந்த வாரம் கொஞ்சம் ‘ஜில்’லான மேட்டர். பீரை கிளாஸ்ல ஊத்துறது எப்படி? ஹலோ... ஹலோ... விசில் அடிக்கிற கடைசி பெஞ்ச் பார்ட்டிங்க எல்லாம் உட்காருங்கப்பா. இது குடிக்கிற மேட்டர் இல்லை, படிக்கிற மேட்டர்!

திருச்சி அரியமங்கலத்துல, எஸ்.ஐ.டி. பக்கத்து டீக்கடையில எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. பேரு வேணாம், ‘தம்பி’ன்னே வெச்சுக்குவோம். வயசு 20. தினமும் துவாக்குடி பஸ் பிடிச்சு கேட்டரிங் படிக்கப் போறார். பிராக்டிகல் எக்ஸாமுக்கு வந்த தலைப்பு, ‘பீர் சர்வீஸ்’. நோட்டுல பாட்டில், கிளாஸ், 45 டிகிரி கோணம்னு படமெல்லாம் போட்டு பக்காவா எழுதி வெச்சிருந்தார். அதை அவங்க அம்மா பார்த்துட்டாங்க.

‘‘இதைப் படிக்க வைக்கத்தான் நான் நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்கிறேனாடா?’’

அதோட சரி. ரெண்டு நாளா வீட்டுல பேச்சு கிடையாது. சோறு மட்டும் தட்டுல வந்துச்சாம்.

அம்மாவைத் தப்பு சொல்ல முடியாது. தம்பியோட அப்பா குடிச்சுக் குடிச்சே போய்ச் சேர்ந்தவர். அந்த வீட்டுல ‘பாட்டில்’ங்கிறது கெட்ட வார்த்தை. அந்த வீட்டுல மட்டுமா? 1937-ல ராஜாஜி சேலத்துல மதுவிலக்கு கொண்டு வந்தார். 2003 நவம்பர்ல சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் கையில எடுத்துச்சு. ரெண்டையும் பார்த்த ஊர் நம்ம ஊர். இங்கே பாட்டிலை ஒளிச்சு வெச்சு, அப்படியே கவுத்துக் குடிக்கிறதைத்தான் ஜனங்க பார்த்திருக்காங்க. அதை ஊத்திக் கொடுக்கிறது ஒரு தொழில்னு எங்கே பார்த்தாங்க?

‘‘அண்ணே, நான் குடிக்கவா கேட்டேன்? ஊத்தத்தானே படிக்கிறேன்!’’ன்னார் தம்பி. 21 வயசு ஆகாதவங்களுக்கு தமிழ்நாட்டுல மது விக்கவே கூடாது. அதனால வீட்டுல அவர் பழகுறது கடைச் சோடாவுல!

சரி, அந்த நோட்டுல அப்படி என்னதான் இருந்துச்சு?

முதல் பாடம், கிளாஸ். எண்ணெய்ப் பிசுக்கோ, சோப்பு மிச்சமோ துளி இருந்தாலும் நுரை பொசுக்குனு அமுங்கிடும். கண்டுபிடிக்க ஈஸி வழி இருக்கு. ஊத்தின பிறகு கிளாஸோட உள் சுவத்துல குமிழிகள் ஒட்டிக்கிட்டு நின்னா, கழுவினவர் சரியா கழுவலைனு அர்த்தம்!

அடுத்தது, கிளாஸை 45 டிகிரி சாய்ச்சுப் பிடிக்கணும். பாட்டில் வாய் கிளாஸ்ல இடிக்காம, உள் சுவத்து வழியா மெதுவா இறக்கணும். பாதிக்கு மேல வந்ததும் கிளாஸைக் கொஞ்சம் கொஞ்சமா நிமிர்த்தி, மிச்சத்தை நடுவுல விடணும். கடைசியில மேலே ரெண்டு விரல் உயரத்துக்கு நுரை நிக்கணும். அவ்ளோதான்!

‘நுரை வந்தா ஏமாத்திட்டான்னுதானே கஸ்டமர் சண்டைக்கு வருவான்?’னு கேட்கத் தோணுதா? கிளாஸ்ல பாதி நுரைன்னா சண்டை நியாயம். ஆனா, நுரையே இல்லாட்டியும் தப்புதான். வாசனையை மூக்குக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதே அந்த நுரைதான்.

இங்கேதான் நம்ம டீ மாஸ்டர் உள்ளே வர்றார். தம்பி சோடா பாட்டிலோட பழகுறதைப் பார்த்துட்டு, ‘‘என்னப்பா, இப்படி சாய்ச்சா நுரை எப்படி வரும்? தூக்கி ஊத்து!’’ன்னு ஒரு மீட்டர் உயரத்துலேர்ந்து டீயை ஆத்திக் காட்டினார். ரெண்டு பேர் சொல்றதும் கரெக்ட்தான் பாஸ்! டீக்குள்ள வாயு கிடையாது. உசரத்துலேர்ந்து விழும்போது வெளியில இருக்கிற காத்தை இழுத்துக்கிட்டு விழுது. அதான் நுரை. பீருக்குள்ள கார்பன் டை ஆக்ஸைடு ஏற்கெனவே அடைஞ்சு கிடக்கு. அதைத் தூக்கி ஊத்தினா மொத்தமும் ஒரே நேரத்துல வெளியே ஓடி வரும். அதுலயும் சூடான பீர்னா கேட்கவே வேணாம். திரவம் சூடாக சூடாக, வாயுவைப் பிடிச்சு வைக்கிற சக்தி குறையும்.

அப்போ சோடா நுரை மட்டும் ஏன் உடனே காணாமப் போகுது? அதுல வாயு இருக்கு, ஆனா குமிழியைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. பீர்ல பார்லியோட புரதமும், ஹாப்ஸ்ங்கிற கொடியோட பூவுல இருந்து வர்ற கசப்பும் சேர்ந்து குமிழிக்கு சட்டை போட்டு விடுது. மாஸ்டரோட டீயில அந்த வேலையைப் பார்க்கிறது பால் புரதம்.

இதை ஒரு ஆராய்ச்சியாவே பண்ணின மனுஷர் இருக்கார். ஜெர்மனியில மியூனிக் பல்கலைக்கழகத்து ஆர்ன்ட் லைக்கே. மூணு பிராண்டு பீரை ஊத்தி வெச்சுட்டு, நுரை எவ்வளவு நேரத்துல எவ்வளவு இறங்குதுன்னு அளந்தார். கதிரியக்கத் தேய்வுக்கு நாம படிக்கிற அதே ‘எக்ஸ்பொனென்ஷியல்’ கணக்குல நுரையும் இறங்குச்சு! அதாவது, 6 செ.மீ. நுரை ஒரு நிமிஷத்துல 3 ஆச்சுன்னா, அடுத்த நிமிஷத்துல ஒன்றரை ஆகும். இதுக்காக 2002-ல ‘இக் நோபல்’ பரிசு கொடுத்தாங்க. முதல்ல சிரிக்க வெச்சு, அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்குத் தர்ற பரிசு அது. பிசிக்ஸ் பார்ட்டிகளே... ஒரு ஸ்கேல், ஒரு வாட்ச், மாஸ்டரோட ஒரு டீ போதும். அரியமங்கலத்துலயும் அளந்து பார்க்கலாம். பீர் மாதிரியே இறங்குதா, இல்லையான்னு நீங்களே கிராஃப் போட்டுப் பாருங்க!

தம்பி எக்ஸாமுக்கு முந்தின நாள் ராத்திரி அம்மாகிட்ட நோட்டோட கடைசிப் பக்கத்தைப் படிச்சுக் காட்டினாராம். அதுல ஊத்துற பாடம் இல்லை. ஊத்தாம இருக்கிற பாடம். வந்த விருந்தாளிக்குப் போதை ஏறிடுச்சுன்னு தெரிஞ்சா, அதுக்கு மேல பரிமாறக் கூடாது. மரியாதையா மறுக்கணும். தண்ணி கொடுக்கணும், சாப்பாடு கேட்கணும், வண்டியைத் தொட விடாம ஒரு டாக்ஸி பிடிச்சு ஏத்தி விடணும்.

அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலையாம். அப்புறம் மெதுவா, ‘‘உங்கப்பனுக்கு ஊத்துனவன் எவனும் இதைப் படிக்கலை போலருக்கு’’ன்னாங்களாம்.

காலையில தம்பி கிளம்பும்போது அவரோட வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு ரெடியா ஆணியில தொங்குச்சு. அம்மா இன்னும் முழுசா சமாதானம் ஆகலை. பாட்டில் படம் போட்ட அந்தப் பக்கத்தை மட்டும் மடிச்சு வெச்சிருந்தாங்களாம்!

மார்க்? நல்லாவே வந்திருக்கு. வைவாவுல கேட்ட கேள்வி, ‘நுரை ஏன் நிக்குது?’ தம்பி, ‘‘சார், எங்க ஏரியா டீ மாஸ்டரைக் கேட்டா...’’ன்னு ஆரம்பிச்சாராம்.

டீ ஆறுது மக்கா. அடுத்த வாரம் பார்ப்போம்!