கட்டடக்கலை நுழைவுத் தேர்வும் சித்திரப் பயிற்சியும்: எம் மன்றத்தின் நிலைப்பாடு

கட்டடக்கலைப் பட்டப்படிப்பில் சேர விரும்பும் மாணவர்கள் நாட்டா என்னும் தேசியத் தகுதித் தேர்வுக்கு எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்று பெற்றோரும் ஆசிரியரும் எம்மை அடிக்கடி கேட்டு வருவதாலும், அக்கேள்விக்கு விடையென்று ஊர்தோறும் விலைக்குக் கிடைக்கும் சில பயிற்சி முறைகள் மாணவரின் கண்ணுக்கும் கைக்கும் கேடு விளைப்பன என்று கட்டடக் கலைஞரும் ஓவிய ஆசிரியருமாகிய எம் உறுப்பினர் அனைவரும் ஒருமனதாகக் கருதுவதாலும், எம் அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லுவது கடமையென எண்ணி இவ்வறிக்கையை வெளியிடுகிறோம். நுழைவுத் தேர்வில் கையால் வரையும் சித்திரம் நிலைத்திருக்க வேண்டும். அதற்கான ஆயத்தம், மனப்பாடம் செய்த படங்களால் அன்றி, கண்ணெதிரே உள்ள பொருளைப் பார்த்து வரையும் நெடுநாள் அப்பியாசத்தால் அமைய வேண்டும். அந்த அப்பியாசத்துக்கு உரிய இடம் பள்ளிக்கூடமே.

1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டத்தால் தோன்றிய கட்டடக்கலைக் கவுன்சில் 2006 முதல் இத்தேர்வை நடத்தி வருகிறது. தேர்வின் அமைப்பு பலமுறை மாறியிருக்கிறது. 2024 முதல் உள்ள ஏற்பாட்டின்படி, மொத்தம் 200 மதிப்பெண்ணில் 80 மதிப்பெண் தாளில் கையால் செய்யும் பகுதிக்கும், எஞ்சிய 120 கணினியில் விடையளிக்கும் பகுதிக்கும் உரியன. ஒவ்வொன்றுக்கும் தொண்ணூறு நிமிடம். கைப்பகுதியில் மூன்று வினாக்கள் வரும்: வடிவங்களை அழகுற அமைத்து வண்ணந்தீட்டுவது ஒன்று; கட்டடமும் மனிதரும் சூழலும் அடங்கிய ஒரு காட்சியைக் கருப்பு வெள்ளையில் அளவுப் பிரமாணத்தோடும் ஒளி நிழலோடும் வரைவது ஒன்று; கொடுக்கப்படும் துண்டுகளைக் கொண்டு முப்பரிமாண அமைப்பொன்றைச் செய்துகாட்டுவது மற்றொன்று. தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண் 200-க்கும் நாட்டா மதிப்பெண் 200-க்கும் கணக்கிடப்பட்டு, இரண்டும் கூட்டித் தரவரிசை வகுக்கப்படுவதால், இக்கைப்பகுதி ஒரு மாணவனின் இடத்தை நிர்ணயிப்பதில் ஐந்தில் ஒரு பங்கு பெறுகிறது. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகம் முதலியவற்றுக்கு வழியாகிய ஜே.இ.இ. மெயின் இரண்டாம் தாளிலோ, 400-இல் 100 மதிப்பெண் சித்திரத்துக்கே உரியது.

பெருந்தொற்றுக் காலத்தில் கைச்சித்திரம் நாட்டாவிலிருந்து விலகி, 2021 முதல் 2023 வரை தேர்வு முழுவதும் கணினித் திரையில், பெரும்பாலும் விடையைத் தெரிவுசெய்யும் வினாக்களாக நடந்தது. அந்நாளில் அது நெருக்கடியால் நேர்ந்த ஏற்பாடு. அதில் குறை காண்பது எம் நோக்கமன்று. ஆனால் அந்த ஏற்பாடே நிரந்தரமாகலாம், அதுவே செலவும் உழைப்பும் குறைந்தது, மதிப்பீட்டில் ஐயத்துக்கு இடமில்லாதது என்று இன்றும் சிலர் வாதிப்பதை எம்மால் ஏற்க இயலவில்லை. நான்கு விடைகளுள் சரியானதைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியமும், வெற்றுத் தாளின் முன் அமர்ந்து எதை எங்கே வைப்பது, எதை விடுவது என்று தானே தீர்மானிக்கும் சக்தியும் வெவ்வேறானவை. ஐந்தாண்டுப் படிப்பிலும் அதன் பின்னர் ஆயுள் முழுவதும் நடத்தும் தொழிலிலும் கட்டடக் கலைஞன் அன்றாடம் வேண்டுவது இரண்டாவதையே. மனிதர் கையால் திருத்துவதில் வேற்றுமை நேரும் என்பது உண்மை. அதற்குப் பரிகாரம் ஒரே தாளை இருவர் தனித்தனியே மதிப்பிடச் செய்வதும், மதிப்பீட்டு நெறிகளைத் தெளிவாக வெளியிடுவதுமாகும். சித்திரத்தையே நீக்கிவிடுவது பரிகாரமாகாது.

இனி, ஆயத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இவ்வறிக்கையின் முக்கிய பாகம். பொதுத் தேர்வு முடிந்த மறுநாளில் தொடங்கிச் சில வாரங்களில் முடியும் கிராஷ் கோர்ஸ் எனப்படும் துரிதப் பயிற்சி பலவற்றில், ஒரு சந்தைக் காட்சி, ஒரு கடற்கரைக் காட்சி, ஒரு பேருந்து நிலையக் காட்சி என்று சில படங்களும், அவற்றில் நிறுத்துவதற்கென நிற்பவர், நடப்பவர், சுமப்பவர் என்று சில மனித உருவங்களும், எல்லாத் திணைக்கும் பொதுவான ஒரே வகை மரமும் மாணவர்க்கு மனப்பாடமாக்கப்படுகின்றன. வினா எதுவாயினும் இவற்றுள் ஒன்றை இடம்பெயர்த்து வைத்துவிடலாம் என்பது அங்கே போதிக்கப்படும் உபாயம். இதன் விளைவு என்ன? மலைக்கிராமத்துப் பள்ளியை வரையச் சொன்னாலும் கடற்கரைத் தென்னையே தாளில் முளைக்கிறது. கூரையின் உயரத்துக்கும் அதன்கீழ் நிற்பவனின் உயரத்துக்கும் பொருத்தமில்லை. ஒளி ஒரு பக்கமிருந்து வர, நிழலும் அதே பக்கம் விழுகிறது. தேர்வில் இது மதிப்பெண்ணைக் குறைக்கும் என்பதைக்காட்டிலும் எம்மை வருத்துவது, இவ்வாறு பழகிய கை முதலாண்டு ஸ்டுடியோவில் பட வேண்டிய பாடு. பாராமல் வரையக் கற்ற மாணவன் பார்ப்பதற்கு மறுபடி கற்க வேண்டியிருக்கிறது. ஒன்றும் பழகாதவனைவிட அவனுக்கே அது கடினமாக இருப்பதை எம் உறுப்பினருள் கல்லூரி ஆசிரியராக உள்ளவர் பலரும் ஆண்டுதோறும் காண்கின்றனர்.

நல்ல ஆயத்தத்துக்கு வேண்டிய சாதனங்கள் பெரும்பாலும் நம் ஊர்களிலேயே இருக்கின்றன. மாமல்லபுரத்து ஐந்து ரதங்களை எடுத்துக்கொள்ளலாம். ஏழாம் நூற்றாண்டில் பாறையிலேயே செதுக்கிய அவை பெரும் தொலைவின்றி ஓரிடத்தில் நிற்க, திரௌபதி ரதம் ஓலைக் குடிசையின் கூரையையும், பீம ரதம் நீண்ட வண்டிக்கூண்டின் வளைவையும், தருமராச ரதம் அடுக்கடுக்காகக் குறுகி உயரும் விமானத்தையும், சகாதேவ ரதம் பின்புறம் வளைந்த தூங்கானை மாடத்தையும் காட்டுகின்றன. சகாதேவ ரதத்தின் அருகே செதுக்கப்பட்டு நிற்கும் கல்யானையின் பின்னழகையும் அந்த மாடத்தின் வளைவையும் ஒருசேர நோக்கினால், அப்பெயரின் பொருத்தம் புத்தகமின்றியே புலப்படும். இவ்வொவ்வொன்றையும் நான்கு புறமும் நின்று வரைந்து, பின் மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும், நடுவே அறுத்தால் எப்படி இருக்கும் என்று ஊகித்தும் வரைந்த மாணவனுக்கு, முப்பரிமாண அமைப்பைப் பற்றித் தனியே உபதேசம் ஒன்றும் வேண்டியதில்லை. மாமல்லபுரம் எல்லார்க்கும் அண்மையில் இல்லை என்றால், இராமேசுவரத்தின் நீண்ட பிராகாரத்தில் அமர்ந்து தூண்வரிசைகள் இரண்டும் கண்மட்டத்தில் ஒரு புள்ளியை நோக்கிச் சென்று சேர்வதைக் காணலாம். எழுந்து நின்றால் அப்புள்ளியும் உடன் எழுவதைக் காணலாம். தொலைநோக்குச் சித்திரத்தின் முதல் விதி அங்கே பிரத்தியட்சமாக விளங்குகிறது. அதுவும் இல்லையென்றால், எந்தப் பள்ளியின் நெடுந்தாழ்வாரமும் இதே பாடத்தைக் கற்பிக்கும்.

அளவறிவும் அவ்வாறே. தன் சாண் எத்தனை அங்குலம், தன் வீட்டு வாசற்படியின் உயரம் என்ன, திண்ணையில் அமர்ந்தால் கால் தரையில் படுவதற்கு அது எவ்வளவு உயரமிருக்க வேண்டும், பேருந்தின் படி ஏன் முதியவர்க்குச் சிரமமாக இருக்கிறது என்று டேப்பால் அளந்து நோட்டில் குறித்துவைக்கும் பழக்கம், தேர்வுத் தாளில் மனிதனையும் வாயிலையும் தக்க விகிதத்தில் வைக்கும் ஆற்றலைத் தானாகவே தரும். ஒரே வேப்பமரத்தைக் காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் வரைந்தவனுக்கு நிழலைப் பற்றி ஐயம் எழாது. வண்ணத்துக்குத் தேர்வில் உலர்ந்த நிறங்களே அனுமதிக்கப்படுவதால், விலையுயர்ந்த சாதனங்கள் தேவையில்லை. சாதாரணக் கலர் பென்சில் பெட்டி ஒன்று போதும். கணிதமும் பொது அறிவும் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. பள்ளிப் பாடத்தைச் சிரத்தையோடு படித்தவர்க்கு அவை பெருந்தடையல்ல.

இத்தகைய அப்பியாசத்துக்குச் சில வாரங்கள் போதா. பதினோராம் வகுப்பின் தொடக்கத்திலேனும் ஆரம்பித்து, நாளும் சிறிது நேரம் ஒதுக்குவதே முறை. இங்கேதான் நியாயம் பற்றிய கேள்வி எழுகிறது. கணிதமும் இயற்பியலும் பயிலும் மேல்நிலை மாணவனின் காலஅட்டவணையில் ஓவியத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை. அரசுப் பள்ளிகள் பலவற்றில் பகுதிநேர ஓவிய ஆசிரியர்கள் கீழ்வகுப்புகளோடு நின்றுவிடுகின்றனர். ஆகவே, பணம் உள்ள நகரத்து மாணவன் பயிற்சி நிலையத்தை நாட, மானாமதுரையிலோ தருமபுரியிலோ உள்ள அரசுப் பள்ளி மாணவி தேர்வு நாளன்றுதான் முதன்முதலாக ஒரு பெரிய வெள்ளைத் தாளின் முன் அமர்கிறாள். இவ்வேற்றுமை திறமையின் வேற்றுமை அன்று. சித்திரத் தேர்வு ஏழை மாணவர்க்குப் பாதகம் என்று கூறுவோர் இதனையே சுட்டுகின்றனர். குறையை அவர்கள் சரியாகவே கண்டிருக்கின்றனர், ஆயினும் நீக்க வேண்டியது தேர்விலுள்ள சித்திரத்தையன்று, பள்ளியில் சித்திரம் இல்லாத நிலையையே என்பது எம் துணிபு. இதற்குப் புதிதாக ஒன்றைப் படைக்கவும் வேண்டியதில்லை. தேர்வுத் துறை நடத்தும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் லோயர், ஹையர் என்னும் இரு நிலைகளில் ஓவியம் நெடுங்காலமாக உள்ளது. அதில் வரும் ஃப்ரீஹேண்ட் கோட்டோவியமும், எதிரே வைத்த பொருளைப் பார்த்து வரையும் மாடல் டிராயிங்கும் கட்டடக்கலை மாணவனுக்கு வேண்டிய அஸ்திவாரமே. அத்தேர்வுக்கு மேல்நிலை மாணவரைத் தம் பள்ளியிலேயே ஆயத்தம் செய்ய முடியுமாயின், நாட்டாவுக்கான பயிற்சியில் பெரும்பகுதி செலவின்றி நிறைவேறிவிடும்.

பயிற்சி நிலையங்கள் அனைத்தையும் நாம் கண்டிக்கவில்லை. மாணவரைத் தெருவுக்கும் கோயிலுக்கும் சந்தைக்கும் அழைத்துச் சென்று, பார்த்து வரையச் செய்து, தவற்றைப் பொறுமையோடு திருத்தும் ஆசிரியர்களை எம் உறுப்பினர் அறிவர், அவர்கள் போற்றத்தக்கவர். மனப்பாடப் படங்களை விற்கும் பயிற்சிக்குப் பணம் செலுத்த வேண்டாம் என்று மட்டும் பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். அத்தகைய பயிற்சியில் எம் மன்றத்தின் பெயரால் எவரும் பாடம் நடத்தமாட்டார்.

பள்ளிக்கல்வித் துறை, பகுதிநேர ஓவிய ஆசிரியர்களின் பணியை மேல்நிலை வகுப்புகளுக்கும் விரிவாக்கி, அதற்குத் தக்க ஊதியமும் அளிக்க வேண்டும். அது நிறைவேறும் வரையில், வரும் கல்வியாண்டுக்குக் காலஅட்டவணை வகுக்கும் தலைமையாசிரியர்கள் பதினோராம் வகுப்புக்கு வாரத்தில் இரண்டு பாடவேளையை ஓவியத்துக்கென ஒதுக்குமாறும், ஆசிரியர் இல்லாத பள்ளிகள் எமக்கு எழுதுமாறும் வேண்டிக்கொள்கிறோம்.