‘நினைவாற்றல்’ அவ்வளவு பிழையா?

சென்ற வாரம் எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களுக்காக மைண்ட்ஃபுல்னஸ் பயிலரங்கு ஒன்று நடைபெற்றது. அதன் அறிவிப்பை ஊரிலுள்ள தோழிக்குத் தமிழில் அனுப்ப எண்ணி, இணைய மொழிபெயர்ப்பியிடம் கொடுத்தேன். ‘நினைவாற்றல் பயிற்சி’ என்றது. “அதற்கு வல்லாரைக் கீரை போதுமே” என்று அவள் பதில் எழுதினாள்.

நானும் சிரித்தேன். ஆயினும் இயந்திரம் அறியாமலே ஓர் உண்மையைத் தொட்டுவிட்டது. ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னிருப்பது பாலி மொழியின் ‘சதி’. (தமிழ்க் காதுக்கு அது சூழ்ச்சியாகவே ஒலிக்கும், என் செய்வது!) வடமொழி ‘ஸ்மிருதி’யின் பாலி வடிவமான அச்சொல்லின் வேர்ப்பொருள் நினைத்தல். அதனை மைண்ட்ஃபுல்னஸ் என்று 1881இல் பெயர்த்தவர் ரைஸ் டேவிட்ஸ். நம் ‘நினைவு’ம் ஏறக்குறைய இதே பரப்பை உடையது. ‘ஊர் நினைவு’ என்பதில் ஞாபகம். ‘நினைவு தப்பியது’ என்பதில் உணர்வு. ‘வரும்போது நினைவாகச் சாவியை எடுத்து வா’ என்பதில் கவனம். ஆதலால் ‘ஆற்றல்’ என்னும் ஒட்டை நீக்கி, ‘நினைவோடிருத்தல்’ என்று சொன்னாலே போதும் என்பது என் கருத்து.

என் அன்றாடப் பணி, களத்தில் பதிவுசெய்த பேச்சை ஒலி ஒலியாக எழுதுவது. மனம் வேறெங்கோ இருக்கும்போது, காதில் விழுந்ததை விட்டு, விழுமென எதிர்பார்த்ததைக் கை எழுதிவிடும். ஒலி தேயும் இடங்களில், பேச்சாளர் சொல்லாத மெய்யை இலக்கணம் படித்த என் மூளை நிரப்பிவிடும். இப்போது கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு துண்டையும் கேட்குமுன் ஒரு மூச்சு நிறுத்திக்கொள்கிறேன். மனம் விலகத்தான் செய்கிறது. விலகியது நினைவுக்கு வந்ததும் திரும்புகிறேன். அடித்துத் திருத்துவது குறைந்திருக்கிறது. மாலையில் எஞ்சும் களைப்பும் குறைவே.

பயிலரங்கிலோ வேறொன்று கேட்டது. ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய பயிற்சி, ‘தீர்ப்பிடாத கவனம்’ என்பதை வலியுறுத்துவது. நாட்பட்ட வலியோடு வாழ்வோருக்கு அது பொருத்தமான மருந்தே. ஆனால் நான்கு மாதமாக உதவித்தொகை வராத ஆய்வாளர் ஒருவர் விடுதிக் கட்டணம் பற்றிக் கேட்டபோது, “அவ்வெண்ணத்தை மேகமெனக் கடந்துபோக விடுங்கள்” என்றார் பயிற்றுநர். கடன் மேகமா?

சம்யுத்த நிகாயத்தில் ஓர் உவமை உண்டு. எல்லைப்புற நகரொன்றின் வாயிற்காவலன், அறிந்தோரை உள்ளே விடுவான், அறியாதோரைத் தடுப்பான். அக்காவலனே ‘சதி’ என்கிறது அந்நூல். ஆளறிந்து பிரிக்கத் தெரியாதவனுக்கு வாயிலில் என்ன வேலை?

பயிலரங்கு முடிந்ததும் நாங்கள் எழுவர் சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்து, எவருக்கு எந்த மாதத் தொகை வரவில்லை என்பதை நினைவுபடுத்தி வரிசையாக எழுதினோம். விண்ணப்பத்தை எழுதி முடிக்க இரண்டு மணிநேரம் ஆயிற்று. இடையில் எவரும் கைப்பேசியைத் தொடவில்லை.