மணற்காட்டுப் பானையோடுகள்

யாழ்ப்பாணத்தில் பாறை ஓவியம் உண்டா என்று புலம்பெயர்ந்த நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். தமிழ்நாட்டுக் கீழ்வாலைக்குச் சென்று படம் எடுத்து வந்தவர். அடுத்த விடுமுறையில் இங்கும் அலைய விரும்புகிறார். இல்லை என்றே பதில் எழுதினேன். நம்முடையது சுண்ணக்கல் தரை. கீரிமலை இருக்கிறதே என்பீர்கள். மலை அதன் பெயரில் மட்டுந்தான்.

ஆயினும் முன்னோர் கீறிவைத்த குறிகள் நம்மிடம் இல்லாமலில்லை. அவை பானையோட்டில் உள்ளன. தேடுபவர் போகவேண்டிய இடம் வடமராட்சி மணல்வெளி.

வல்லிபுர ஆழ்வார் கோயிலைத் தாண்டி மணற்காட்டுப் பக்கம் இறங்கினால் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் நடக்கவேண்டும். சவுக்கந்தோப்பு, வடலிகள், மணற்குன்றுகள், மணலுக்குள் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோவிலின் சுவர்கள். காற்று மேல்மணலை வாரிய இடங்களில் கறுப்புச் சிவப்பு ஓடுகள் தலைகாட்டும். வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும். ஒளி சாய்வாக விழுந்தால்தான் கீறலில் நிழல் கட்டும். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் ஓடு வெறும் ஓடுதான்.

இளம் நிருபராக முதன்முதல் அங்கே போனபோது, சூலம் போன்ற குறியுள்ள ஓடொன்றைச் சட்டைப்பையில் போட்டு வந்தேன். பல ஆண்டுகள் அது என் மேசையில் கடதாசிக்குப் பாரமாக இருந்தது. எந்த இடத்தில், எந்த மண்ணில் கிடந்தது என்று குறித்துவைக்கவில்லை, படமும் எடுக்கவில்லை. 1995 இடப்பெயர்வில் வீட்டுப் பொருட்களோடு அதுவும் போயிற்று. இப்போது அந்த ஓட்டைப் பற்றி என்னால் சொல்லக்கூடியது இவ்வளவே.

வல்லிபுரத்துக்கு இது புதிதன்று. அங்கே கிடைத்த புத்தர் சிலையை 1906இல் ஆளுநர் ஹென்றி பிளேக் சயாம் மன்னருக்குப் பரிசளித்துவிட்டார். 1936இல் கிடைத்த பொன்னேட்டைப் பரணவிதான படித்து வெளியிட்டார். வசப மன்னன் காலத்தில் இங்கு விகாரை கட்டப்பட்டதைச் சொல்லும் நான்கு வரிகள். அந்த நான்கு வரிக்காக நடந்த சண்டையில் நூறில் ஒரு பங்கு அக்கறைகூட அது கிடந்த மண்ணின்மேல் எவருக்கும் இருந்ததில்லை.

ஆனைக்கோட்டையில் நிலைமை வேறு. அங்கு மண் அள்ளியபோது வெளிப்பட்ட இடத்தை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் 1980இல் முறையாக அகழ்ந்தனர். எலும்புக்கூட்டோடு ஒரு முத்திரை கிடைத்தது. மேல்வரியில் குறியீடுகள், கீழ்வரியில் பிராமி எழுத்துகள். ‘கோவேத’ எனப் படித்தார்கள். வாசிப்பில் கருத்து வேற்றுமை இருக்கலாம். ஆனால் அது பெருங்கற்காலப் பண்பாட்டுப் புதைகுழியில் இருந்தது என்பதை எவராலும் மாற்ற முடியாது. பொருளைவிட அது கிடந்த இடமே பெரிய சான்று.

அந்த இடந்தான் இன்று உழவு இயந்திரப் பெட்டியிலும் டிப்பரிலும் ஏறிப் போகிறது. 2009இல் போர் முடிந்தபின் இடிந்த வீடுகளைக் கட்ட மணல் வேண்டியிருந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் வீட்டுச் சுவரிலும் வடமராட்சி மணல்தான் இருக்கிறது. ஆனால் எங்கே அள்ளலாம், எங்கே அள்ளக்கூடாது என்று கோடு கிழிக்க, எங்கே என்ன இருக்கிறது என்ற பதிவு முதலில் வேண்டும்.

ஆகவே நண்பருக்கு எழுதினேன்: ஓட்டைத் தொடாதீர்கள். தொல்பொருளை அனுமதியின்றி எடுப்பது 1940ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி குற்றமுங்கூட. பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றியை வைத்துப் படமெடுங்கள், அளவு தெரியும். சற்றுப் பின்னால் நின்று சுற்றுப்புறத்தையும் ஒரு படம் எடுங்கள். இருக்குமிடத்தைக் கைபேசியே குறித்துக்கொள்ளும். பிறகு பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்பிப்போருக்கு அனுப்பிவிடுங்கள். முகநூல் பிறகு பார்க்கலாம்.

அவர் புரட்டாதியில், ஆழ்வார் கோயில் திருவிழாவுக்கு வருகிறார். கடல் தீர்த்தத்துக்கு இரண்டு நாள் முந்தி, கூட்டம் மணலை மிதிக்குமுன், விடிகாலையில் கோயிலடிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மாசியில் நான் படம் எடுத்த மேடு இன்னும் அங்கே இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும்.