வெந்நீருக்கு எத்தனை எச்.பி.?

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது அன்பர் ஒருவர் கேட்டார்: "சார், மாடியில் சோலார் வெந்நீர் போட்டிருக்கிறேன். கீழ் பாத்ரூமுக்கு வெந்நீர் வருவதற்குள் அரை வாளி பச்சைத் தண்ணீர் போய்விடுகிறது. சர்குலேஷன் பம்பு வைக்கலாம் என்கிறார்கள். அரை எச்.பி. போதுமா, ஒரு எச்.பி.யே போட்டுவிடட்டுமா?"

இரண்டும் வேண்டாம் என்றேன். அவர் நம்பவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கர்நாடகத்தில் புது வீடுகளுக்கு சோலார் வெந்நீர் சாதனம் கட்டாயம் என்று விதி வந்தபிறகு பெங்களூரில் அது இல்லாத மொட்டை மாடியைக் காண்பது அரிது. நல்ல விதிதான். ஆனால் மாடியிலிருந்து கீழே வரும் குழாயை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு அங்குலக் குழாயில் மீட்டருக்குச் சுமார் 0.4 லிட்டர் தண்ணீர் நிற்கும். 20 மீட்டர் என்றால் 8 லிட்டர். நாலு பேர் இடைவெளி விட்டுக் குளித்தால் 30 லிட்டர் வரை சாக்கடைக்குப் போகும். அந்தத் தண்ணீர் தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், மூன்று கட்டமாக ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவரப்பட்டது. 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காவிரியைப் பற்றி நாம் பேசாத நாளில்லை. அதைத் தினமும் காலையில் சாக்கடையில் விடுவதைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

ஆகவே சர்குலேஷன் பம்பு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்தப் பம்பு என்பதில்தான் தகராறு.

கடைக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை மாடி?" கேள்வியே தவறு. சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும்போது மாடிக் கணக்கு வேண்டும். இங்கே டாங்கியிலிருந்து இறங்கும் குழாய் பாத்ரூம்களைத் தொட்டுவிட்டு, மெல்லிய திரும்பு குழாயாக அதே டாங்கிக்குப் போய்ச் சேர்கிறது. முழுக்கத் தண்ணீர் நிறைந்த வளையம். சக்லேஷ்பூர் மலைப்பாதை 50-க்கு 1 ஏற்றம். பின்னால் தள்ளும் இன்ஜின் இல்லாமல் கூட்ஸ் வண்டி ஏறாது. ஆனால் ஒரே வண்டி மலை உச்சியின் இருபுறமும் சரிபாதியாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் பாதி ஏறும் பாதியை இழுக்கும். இன்ஜின் உராய்வை மட்டும் சமாளித்தால் போதும். வளையத்தில் தண்ணீரும் அப்படித்தான். மூன்று மாடியானாலும் முப்பது மாடியானாலும் உயரம் கணக்கில் வராது.

குளிர் நாடுகளில் வீட்டையே வெந்நீர்க் குழாய் வைத்துச் சூடாக்குகிறார்கள். ஆரம்பத்தில் அங்கும் பம்பு கிடையாது. சூடான நீர் தானே மேலேறும், ஆறியது இறங்கும். நம் சோலார் தகட்டுக்கும் டாங்கிக்கும் இடையே இன்றும் நடப்பது அதுதான். 1920களின் கடைசியில் ஜெர்மனியில் ஓப்லேண்டர் என்பவர் குழாயின் நடுவிலேயே ஒரு சிறு பம்பைப் பொருத்தினார். தண்ணீரைத் தூக்க அல்ல, சற்று வேகப்படுத்த. நமக்கோ கோயம்புத்தூர் கிணற்றுப் பம்பு கண்ணிலேயே நிற்கிறது. எச்.பி. கூடினால் கௌரவம் கூடும் என்ற எண்ணம்.

சொல்ல வெட்கம்தான். நானும் முதலில் கடைக்காரர் பேச்சைக் கேட்டு அரை எச்.பி. வாங்கியவன். குழாய் இரவில் உறுமியது. அதைவிட மோசம், டாங்கியில் மேலே சூடும் கீழே குளிருமாக அடுக்காக நிற்கவேண்டிய தண்ணீரைக் கலக்கிவிட்டது. இரண்டாவது ஆள் குளிக்கும்போதே வெதுவெதுப்புதான். என் மனைவி, "ரயில் ஓட்டினவர் பம்பு வாங்கியிருக்கிறார்" என்றாள். நான் ஓட்டுநர் இல்லை, இன்ஜினீயர் என்று சொல்லிப் பயனில்லை.

பிறகுதான் கணக்குப் போட்டேன். போக வர 40 மீட்டர்; நல்ல உறை சுற்றினால் மீட்டருக்கு 10 வாட் வெப்பம் போகும் என்று வைத்தால் மொத்தம் 400 வாட். ஐந்து டிகிரி ஆறலாம் என்றால் நிமிடத்துக்கு ஒன்றேகால் லிட்டர் ஓடினால் போதும். தாராளமாக மூன்று லிட்டர் வைத்தாலும், அரை அங்குலத் திரும்பு குழாயில் உராய்வு ஒரு மீட்டர் ஹெட் அளவுதான். அதற்கு 20, 25 வாட் பம்பு ஏராளம். தினம் இரண்டு மணி நேரம் ஓடினாலும் மாதம் ஒன்றரை யூனிட். பழைய பம்பு முப்பது யூனிட் தின்றது.

வாங்கும்போது உடல்பகுதி வெண்கலமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று பாருங்கள். வார்ப்பிரும்பு மூடிய ஹீட்டிங் குழாய்களுக்குத்தான் சரி; தினம் புதுத் தண்ணீர் வந்தால் துருப்பிடிக்கும். இவ்வகைப் பம்பில் சுழலும் பாகம் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் அச்சு படுக்கைவாக்கில் இருக்கவேண்டும். போர் தண்ணீரானால் உப்புப் படிந்து இறுகிவிடும், எச்சரிக்கை. திரும்பு குழாயில் நான் ரிட்டர்ன் வால்வு மறக்கவே கூடாது. இல்லாவிட்டால் குழாயைத் திறந்ததும் டாங்கியின் ஆறிய தண்ணீர் பின்வழியாக வந்துவிடும்.

டைமரைவிட எனக்குப் பிடித்தது பாத்ரூம் வாசலில் ஒரு பெல் சுவிட்ச். அழுத்திவிட்டுத் துண்டை எடுத்து வருவதற்குள் வெந்நீர் தயார். குழாய் பத்து மீட்டருக்குள் என்றால் பம்பே வேண்டாம். முதலில் வரும் தண்ணீரை வாளியில் பிடித்துத் துணி துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் முதல் செலவு குழாய் உறைக்கு, கடைசிச் செலவு பம்புக்கு.

குழாய் போகும் வழியை ஒரு தாளில் வரைந்து, நீளம் குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வந்தால் உங்கள் வீட்டுக் கணக்கையும் போட்டுத் தருகிறேன்.