வெள்ளை வேட்டி டூர்

வனவிலங்கு பார்க்க டூர் போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. புலியைப் பார்த்தவர்கள், புலி முந்தாநாள் வந்துபோன இடத்தைப் பார்த்தவர்கள். அதிகம் கதை சொல்வது இரண்டாவது ரகம்தான்.

போன மாதம் ஆரணியில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்தபோது, கென்யா போய்விட்டு வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் செல்போனை நீட்டி, மசாய் மாரா சிங்கத்தைக் காட்டினார். பக்கத்தில் அவர் மனைவி, ஆரணிப் பட்டுப் புடவையில். கரை முழுக்க யானை, மான், மயில், அன்னபட்சி. முந்தானையில் யாளி வேறு. செல்போனில் இருந்ததைவிட புடவையில் மிருகங்கள் அதிகம்!

ஆனால், அத்தனை மிருகங்களையும் தாங்கிக்கொண்டிருந்த ஒரு ஜீவனை மட்டும் மண்டபத்தில் யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பட்டு நூலைத் தந்த பூச்சி.

எங்கள் தெருவில் தறி வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம், "பட்டுப்பூச்சியைப் பார்த்திருக்கீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"எங்க தம்பி? முப்பது வருஷமா நெய்யறேன். நமக்கு வர்றப்பவே நூலாத்தான் வருது. புழுவையே பார்த்ததில்ல, பூச்சிக்கு எங்க போறது?" என்றார்.

நியாயம்தான். ஆரணியில் பாவு உண்டு, ஊடை உண்டு, ஜரிகை உண்டு. புழு வளர்ப்பதும் கூட்டிலிருந்து நூல் எடுப்பதும் பெரும்பாலும் வேறு ஊர்களில். அங்கேயும் முட்டைக்காக ஒதுக்கி வைத்ததைத் தவிர மற்றவை பூச்சியாவதில்லை. கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் இழை அறுந்துபோகும். அதனால் அதற்கு முன்பே ஆவியிலோ வெந்நீரிலோ அதன் கதை முடிந்துவிடும். ஒரு கிலோ பட்டு நூலுக்குச் சுமார் 5000 கூடுகள்.

அதை மனிதன் வளர்க்க ஆரம்பித்தும் கிட்டத்தட்ட 5000 வருஷம் ஆகிறது. சீனாவில் மல்பெரி மரங்களில் சுதந்திரமாகப் பறந்து திரிந்த ஒரு சாதாரண அந்துப்பூச்சியை வீட்டுக்குள் கூட்டிவந்தார்கள். தட்டில் இலை, தலைக்கு மேல் கூரை, காக்கை குருவி பயம் கிடையாது. சௌகரியம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். இன்று அந்தப் பூச்சிக்கு இறக்கை இருக்கிறது, பறக்கத் தெரியாது. புழுவோ இலையைத் தேடிப் போகாது. இலைதான் அதைத் தேடி வரவேண்டும். (வீட்டில் இருக்கும் யாரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.) காட்டில் கொண்டுபோய் விட்டால் பிழைக்காது. மனிதன் கைவிட்ட மறு தலைமுறையில் அந்த இனமே இருக்காது.

இப்படி ஓர் இனத்தைக் கட்டிவைத்துக்கொண்டு, அதை நம்பியே பிழைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. 1850-களில் பிரான்ஸிலும் இத்தாலியிலும் பட்டுப்புழுவுக்கு 'பெப்ரீன்' என்ற நோய் வந்தது. உடம்பில் மிளகு தூவியதுபோல் கரும்புள்ளிகள். கூடு கட்டாமலே புழு செத்தது. தொழிலே படுத்துவிட்டது. 1865-ல் லூயி பாஸ்டரை அனுப்பினார்கள். அதுவரை பட்டுப்புழுவைக் கையால் தொட்டுப் பார்க்காத மனிதர்! முட்டையிட்ட தாய்ப்பூச்சியை மைக்ராஸ்கோப்பில் சோதித்து, நோய் இருந்தால் முட்டைகளை அழித்துவிடு என்று வழி சொன்னார். இன்றைக்கும் முட்டை தயாரிக்கும் இடங்களில் தாய்ப்பூச்சியைச் சோதிக்கிறார்கள்.

அதற்குள் இத்தாலிய வியாபாரிகள் நோயில்லாத முட்டைகளைத் தேடி ஜப்பானுக்கே கப்பல் ஏறியிருந்தார்கள். ஒரு பூச்சியின் முட்டைக்காக பாதி உலகத்தைச் சுற்றினார்கள். இதைவிடப் பெரிய இயற்கைச் சுற்றுலா நடந்ததாகத் தெரியவில்லை. ஜப்பானில் நல்ல முட்டை இருந்ததால் போனார்கள். அங்கேயும் இல்லாதிருந்தால்?

அந்தக் கேள்விக்கு பதில் காட்டில் இருக்கிறது. வீட்டுப் பட்டுப்பூச்சியின் காட்டு ஒன்றுவிட்ட சகோதரன் சீனா, கொரியா, ஜப்பான் பக்கம் இன்னும் பறந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் இனக்கலப்பு செய்ய முடியும். நோயையும் வெயிலையும் தாங்கும் குணம் எப்போதாவது தேவைப்பட்டால், தேடிப் போவதற்கு ஓர் இடம் வேண்டாமா? வட்டி தராத ஃபிக்ஸட் டெபாசிட் என்று காட்டை வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு உடைக்கலாம். ஆனால் டெபாசிட் இருக்கவேண்டும்.

நம் நாட்டிலேயே காட்டுப் பட்டு உண்டு. ஒடிசாவில் சிமிலிபால் என்று ஒரு காடு. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் ஆரம்பித்தபோது முதலில் தேர்ந்தெடுத்த ஒன்பது காடுகளில் ஒன்று. உடம்பில் கரிய பட்டைகள் அகலமாகப் பரவிய 'கறுப்புப் புலி'க்குப் பேர்போனது. ஒரே ஒரு ஜீன் மாறியதால் வந்த நிறம் என்று 2021-ல் பெங்களூர் விஞ்ஞானிகள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். எல்லாரும் அந்தப் புலியைத் தேடித்தான் போகிறார்கள்.

அதே காட்டில் 'மோடல்' என்று ஒரு டசர் பட்டுப்பூச்சி வசிக்கிறது. சால மரத்து இலையைத் தின்று, கிளையில் காம்பு வைத்துப் பழம்போல் கூட்டைத் தொங்கவிடும். டசர் வகைகளில் பெரிய கூடு அதனுடையதுதான். இதையும் கொண்டுவந்து வளர்த்துப் பார்க்க முயன்றார்கள். அது சரிப்பட்டு வரவில்லை. சால மரக்காடு இருந்தால் நான் இருப்பேன், இல்லாவிட்டால் இல்லை என்கிறது. தட்டில் இலை போட்டெல்லாம் அதை ஏமாற்ற முடியாது.

ஆக, ஒன்று மனிதன் இல்லாமல் வாழாது. இன்னொன்று காடு இல்லாமல் வாழாது. இரண்டாவதற்காக நாம் செய்யவேண்டியது, அதன் காட்டை அப்படியே விட்டுவைப்பது. சும்மா இருப்பது நமக்குக் கஷ்டமான வேலை என்பது வேறு விஷயம்.

இதற்காக ஒடிசா வரை போகமுடியாதவர்களுக்கு ஒரு யோசனை. ஆரணி ஓரமாகப் போகும் கமண்டல நாகநதி ஜவ்வாது மலையிலிருந்துதான் வருகிறது. அந்த மலையில் இருட்டு நன்றாக இருக்கும். காவலூரில் 1986-லிருந்து பெரிய டெலஸ்கோப் வைத்து நட்சத்திரம் பார்ப்பது அந்த இருட்டை நம்பித்தான். அந்துப்பூச்சிக்கும் அதே இருட்டு வேண்டும். மெர்க்குரி விளக்குகள் பெருகினால் நஷ்டம் இரண்டு பேருக்கும்தான்.

மழை பெய்து ஓய்ந்த ஓர் இரவில், மலையில் தெரிந்தவர் வீட்டுப் பின்பக்கம் (காட்டுக்குள் வேண்டாம், வனத்துறை அனுமதி கேட்கும்) ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டி, பக்கத்தில் ஒரு பல்பைப் போட்டுவிட்டு உட்காருங்கள். இந்தியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி வகைகள் உண்டு. ஒவ்வொன்றாக வேட்டிக்கு வரும். யோகம் இருந்தால் இளம்பச்சை நிறத்தில், நீண்ட வாலுடன் நிலா அந்துப்பூச்சி வரும். டசர் பூச்சியின் குடும்பம்தான் அதுவும். உலகம் முழுக்க இப்படி உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே ஜூலை மாதத்தில் ஒரு வாரம் ஒதுக்கி, 2012-லிருந்து கொண்டாடுகிறார்கள். பார்த்து முடித்ததும் பல்பை அணைத்துவிடுங்கள். அவர்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும்.

செலவு, பஸ் சார்ஜ் மட்டும். விசா வேண்டாம், சிங்க பயம் கிடையாது.

ஒரே ஒரு நிபந்தனை. வேட்டி சாதாரண பருத்தியாக இருக்கட்டும். பட்டு வேட்டி கட்டாதீர்கள். வருகிறவை சொந்தக்காரரை அடையாளம் கண்டுகொண்டால் தர்மசங்கடம்.