அடைமழையும் அடுப்பங்கரையும்

மேல்நாடுகளில் இலை உதிரும் காலம் என்று ஒன்று உண்டு. நம் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள்தான் அது. தஞ்சைச் சீமையில் கதையே வேறு. அங்கே அது இலை துளிர்க்கும் காலம்! வேலியெல்லாம் பச்சை. வரப்பெல்லாம் பச்சை. நடவு முடிந்த சம்பா வயல் காற்றில் அலை அடிக்கும். பழந்தமிழர் இந்த இரண்டு மாதங்களுக்குக் கூதிர்காலம் என்று பெயர் வைத்தார்கள்.

பார்க்க அழகுதான். ஆனால், அந்த வயலுக்குச் சொந்தமான வீட்டின் அடுப்பங்கரையை எட்டிப் பாருங்கள். அங்கே நடப்பது தினசரிப் போராட்டம்.

விறகு நனைந்திருக்கும். தீப்பெட்டி நமுத்திருக்கும். உப்புப் பானையில் நீர் கசியும். அரைத்து வைத்த மாவு பொங்காது. உறை ஊற்றிய பால் தோயாது. வாய்க்கால் நிரம்பி, சந்தைக்குப் போகிற வழியில் முழங்கால் தண்ணீர் நிற்கும். இத்தனைக்கும் நடுவில், வயலிலிருந்து நனைந்து வருகிறவர்களுக்குச் சூடாகச் சோறு வேண்டும். மழை விடுமுறை என்று வீட்டில் குதிக்கிற பிள்ளைகளுக்குப் பிற்பகலில் கடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்.

வேளை தவறாமல் எல்லாம் வந்துவிடுகிறது. எங்கிருந்து வருகிறது?

மழைக்காலத்துக் குழம்பு மழைக்காலத்தில் தொடங்குவதில்லை. அதன் முதல் வேலை மாசி, பங்குனியிலேயே ஆரம்பித்துவிடுகிறது!

வெயிலைச் சேர்த்து வைப்பது

மாசியில் புதுப் புளி இறங்குகிறது. ஓட்டை உடைத்து, கொட்டை எடுத்து, நார் களைந்து, கல்லுப்புத் தூவிப் பானையில் அமுக்கி வைக்கிறார்கள். சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு, நிற்கிற பயிருக்குள்ளேயே விதைத்த உளுந்தும் பச்சைப் பயறும் பங்குனிவாக்கில் வீட்டுக்கு வருகின்றன. அவற்றை நன்றாகக் காய வைத்து, வேப்பிலை போட்டுக் கட்டி வைக்கிறார்கள். அப்புறம் கத்திரி வெயில். ஊரே வெயிலைத் திட்டும்போது, குடும்பப் பெண்கள் மட்டும் வானத்தைப் பார்த்து, "இன்னும் நாலு நாள் காயட்டும்" என்கிறார்கள்.

மணத்தக்காளி வற்றல், கொத்தவரை வற்றல், மோர் மிளகாய், அப்பளம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தாளிப்பு வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம் எல்லாம் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடித்து, நாள் கணக்கில் உருட்டி உருட்டிக் காய வைப்பார்கள். அதில் ஒரு சிட்டிகை எண்ணெயில் பொரிந்தால் வாசனை தெருக்கோடி வரை போகும்.

சுண்டைக்காய் வற்றல் எப்படிப் போடுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். காயை லேசாக நசுக்கி அலச வேண்டும். புளித்த மோரில் உப்புப் போட்டு ஊற வைக்க வேண்டும். காலையில் எடுத்து வெயிலில் பரப்ப வேண்டும். மாலையில் மறுபடியும் அதே மோரில் போட வேண்டும். மோர் முழுவதையும் காய் குடித்துத் தீர்க்கும் வரை இப்படியே. கடைசியில் கையில் எடுத்துக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். சத்தம் வராவிட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

இது வெறும் வழக்கம் அல்ல. உணவைக் கெடுக்கும் கிருமிக்கும் பூஞ்சைக்கும் உயிர் வாழ ஈரம் வேண்டும். உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. வெயில் அந்த நீரை ஆவியாக்குகிறது. மோரின் புளிப்பு காவல் நிற்கிறது. பள்ளிக்கூடத்தையே பார்த்திராத பாட்டிகள் இந்த விஞ்ஞானத்தைக் கைப்பழக்கத்தில் வைத்திருந்தார்கள்!

ஆவணியிலும் புரட்டாசியிலும் விறகு வேலை. பிளந்து, காய வைத்து, தாழ்வாரத்தில் அடுக்க வேண்டும். தென்னை மட்டை, பன்னாடை, சவுக்கு மிளாறு, வறட்டி எல்லாம் கூரைக்கடியில் ஏற வேண்டும். அடுப்புக்கு மேலே பரண். அன்றாடம் எரிக்கும் விறகு அங்கேதான் காயும். அடுத்த ஆண்டு விதைக்கான சுரைக்குடுக்கையும் அங்கேதான் தொங்கும். புகை பட்டால் பூச்சி அண்டாது.

இன்று பெரும்பாலான வீடுகளில் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. நல்ல காரியம். விறகு அடுப்பின் ருசியைப் பற்றி ஓட்டலில் உட்கார்ந்து பேசுகிறவர்கள், நனைந்த விறகை ஒரே ஒரு நாள் ஊதிப் பார்க்க வேண்டும். கண்ணும் நெஞ்சும் எரிகிற எரிச்சல் அப்போது தெரியும். ஆனாலும் வெந்நீருக்கும், பெரிய பானைச் சோற்றுக்கும் கொல்லைப்புறத்தில் விறகு அடுப்பு எரிகிற வீடுகள் இன்றும் உண்டு.

மழை நாள் சமையல்

விடாத மழை. காய்கறிக்காரர் வரவில்லை. என்ன செய்வது?

கொல்லையில் ஆடிப்பட்டத்தில் விதைத்த பீர்க்கும் புடலும் இப்போது பந்தலில் தொங்குகின்றன. பீர்க்கங்காய் கூட்டுக்கு ஆகும். அதன் தோல் துவையலுக்கு ஆகும். கூரைமேல் படர்ந்த பறங்கி ஒன்று முற்றினால் நாலு வீட்டுக்குக் கீற்று போகும். அந்த நாலு வீட்டிலிருந்து வேறு ஏதாவது திரும்பி வரும். வேலியில் முடக்கத்தான் தானாக முளைத்திருக்கும். வரப்பில் பொன்னாங்கண்ணி.

வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்தால் பிள்ளைகள் தூண்டிலோடு கிளம்பிவிடுவார்கள். கெண்டையோ, யோகம் இருந்தால் விராலோ கிடைக்கும். அன்றைக்கு மீன் குழம்பு. மறுநாள் சுண்ட வைத்த அதே குழம்பு. இரண்டாம் நாள் குழம்புக்குத்தான் வீட்டில் சண்டை அதிகம்!

ஒன்றும் கிடைக்காத நாளில் வற்றல் குழம்பு. நல்லெண்ணெயில் வடகமும் வற்றலும் பொரிந்து, புளிக்கரைசல் கொதித்து, எண்ணெய் மேலே மிதந்து வரும் வரை சுண்ட வேண்டும். அவசரப்பட்டால் கெட்டுவிடும். பொறுமையாகச் சுண்டினால் இரண்டு, மூன்று நாள் தாங்கும். தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளம். நாகைப் பக்கத்து வீடுகளில் கருவாடு.

பிற்பகலில் மருமகள் மாவுப் பானையைத் திறந்து பார்க்கிறாள்.

"மாவு பொங்கவே இல்லையே அத்தை!"

"குளிரில் எப்படிம்மா பொங்கும்? அதை நாளைக்குப் பார்த்துக்கலாம். இப்போ அடைக்கு ஊறப்போடு" என்கிறார் மாமியார்.

அடைமாவு புளிக்க வேண்டியதில்லை. புழுங்கலரிசி, துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, உளுந்து, காய்ந்த மிளகாய். ஊறியதும் கரகரப்பாக அரைத்து, ஒரு பிடி முருங்கைக் கீரை உருவிப் போட்டால் கல்லில் ஊற்றிவிடலாம். பிள்ளைகளுக்கு வெல்லம். பெரியவர்களுக்கு வெண்ணெய் இருந்தால் வெண்ணெய். தயிர் தோய வேண்டுமானால் பானையை அடுப்பின் அணைந்த சூட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். இதெல்லாம் அந்த வீட்டில் யாரும் யாருக்கும் பாடமாகச் சொல்லித் தருவதில்லை.

சளி பிடித்தால் மிளகு ரசம், தூதுவளைத் துவையல், ஓமவல்லிக் கஷாயம். தொண்டைக்கு இதமானவைதான். ஆனால், காய்ச்சல் வந்தால் ரசத்தோடு நின்றுவிடக்கூடாது. டெங்கு பரவுவதும் இந்த மாதங்களில்தான். அதைப் பரப்பும் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டை இடுகிறது. கொல்லையில் சும்மா கிடக்கிற ஆட்டுக்கல் குழி, தேங்காய்ச் சிரட்டை, உடைந்த பானை இவற்றில் நிற்கிற மழைநீரை அன்றன்றைக்கே கவிழ்த்துவிட வேண்டும். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். காய்ச்சல்காரரை ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

இன்னொரு அடுப்பு

இதுவரை சொன்னது நிலமும் கொல்லையும் உள்ள வீட்டின் கதை. அதே ஊரில், அதே மழையில், இன்னொரு அடுப்பும் இருக்கிறது.

நடவு நட்ட கைகளின் அடுப்பு அது. நடவும் களையெடுப்பும் முடிந்துவிட்டால் தை அறுவடை வரை வயலில் வேலை குறைவு. முன்காலத்தில் கூலியாகக் கிடைத்த குறுவை நெல் தீபாவளியோடு தீர்ந்துவிடும். வற்றல் போட்டு வைக்கலாமே என்று கேட்கலாம். போடுவதற்குக் காய் ஏது? கோடைப் பகலெல்லாம் கூலி வேலைக்குப் போகிறவளுக்குக் காக்காய் ஓட்ட நேரம் ஏது? கூரை ஒழுகுகிற குடிசையில் பானை வைக்க ஈரமில்லாத மூலை ஏது?

அந்த வீடுகளில் நொய்க்கஞ்சிதான் விருந்து. வயல் நண்டும் நத்தையும் வரப்புக் கீரையும்தான் உயிர் காத்தன. அதே வயல் நண்டு ரசம் இன்று நகரத்து ஓட்டல்களில் நல்ல விலைக்கு விற்கிறது!

நிலைமை மாறியதற்கு ரேஷன் அரிசி ஒரு முக்கியக் காரணம். 2008 செப்டம்பர் 15 முதல் தமிழகத்தில் கிலோ ஒரு ரூபாய்க்குக் கிடைத்தது. 2011 ஜூன் 1 முதல் விலையில்லாமலே கிடைத்தது. இலவசம் என்று கேலி பேசினவர்கள் உண்டு. கார்த்திகை மாதத்தில் உலை வைக்க அரிசி கடன் கேட்டு வாசலில் நின்று பார்த்தவர்கள் கேலி பேசவில்லை.

சில ஆண்டுகளில் இரண்டு அடுப்பும் சேர்ந்தே அணைந்துவிடுகின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடவில்லை. தண்ணீர் வரவில்லை. மிக்சி ஓடவில்லை. அம்மியை மறந்துவிட்ட வீடுகள் திண்டாடின. கூரை போன வீடுகளில் அம்மி இருந்தும் பயனில்லை. புளிப்பானையோடு எல்லாம் நனைந்துவிட்டது. ஆகவே, பாட்டி காலத்துச் சேமிப்பு எல்லாவற்றையும் காக்கும் என்று சொல்லிவிட முடியாது. மேலே ஒழுகாத கூரை இருந்தால்தான் அதுவும் காக்கும்.

கணக்கில் வராத வேலை

மாசிப் புளி முதல் கார்த்திகைப் பொரி உருண்டை வரை இத்தனை வேலை நடக்கிறது. மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்கு வருகிறவர், "அம்மா என்ன வேலை செய்கிறார்கள்?" என்று கேட்கிறார். "சும்மா வீட்டில்தான் இருக்கிறாள்" என்று பதில் வருகிறது. வீட்டு வேலை மட்டும் செய்கிறவரை அந்தக் கணக்கும் வேலை செய்யாதவர் பட்டியலில்தான் சேர்க்கிறது.

மத்திய அரசு 2024-ஆம் ஆண்டில் மக்கள் பொழுதை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று ஒரு கணக்கு எடுத்தது. வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாள்தோறும் சராசரியாக 289 நிமிடம் கொடுக்கிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்ட சராசரி!

2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, அதற்கு உதவித் தொகை என்று பெயர் வைக்கவில்லை. உரிமைத் தொகை என்று வைத்தது. பெயர் சரியான பெயர். ஆனால், பணம் கொடுத்துவிட்டதால் விறகு தானாகப் பிளந்துகொள்ளாது. உளுந்து மூட்டை தானாகப் பரண் ஏறாது. அவற்றை வீட்டு ஆண்கள் செய்யலாம். ஆட்டுக்கல் குழியைக் கவிழ்ப்பதற்கும் பெண் கைதான் வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

இன்னொரு காரியமும் இருக்கிறது. இந்த வேலையின் அளவெல்லாம் கையில்தான் இருக்கிறது. "ஒரு கை உப்பு" என்கிறார் மாமியார். யாருடைய கை? "பதம் வந்ததும் எடு" என்கிறார். எது பதம்? அவர் இருக்கிற வரை கேட்டுக்கொள்ளலாம். மகள் கல்யாணமாகி வேறு ஊர் போகிறாள். மருமகள் வேலைக்குப் போகிறாள். கடையில் பாக்கெட் வற்றல் கிடைக்கிறது. அதில் உப்பு எவ்வளவு, எந்த வெயிலில் காய்ந்தது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். மழை பெய்கிற பிற்பகல்களில் வெளியே வேலை இல்லை. முதல் பக்கத்தில் சுண்டைக்காய் வற்றல். ஒரு படி காய்க்கு எத்தனை படி மோர், எத்தனை கரண்டி உப்பு, எத்தனை நாள் வெயில். அடுத்த பக்கத்தில் தாளிப்பு வடகம். மாமியார் சொல்லட்டும். எழுதுகிறவர் மகனாக இருந்தாலும் தவறில்லை.